தலைக்கு மேல் தொங்கும் ஷட்டர்: ஒர்க்ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, ஸ்டாண்டு போடாமல் அடியில் நுழைந்து பாருங்கள். எந்த ஒர்க்ஷாப்பிலும் திட்டு விழும். கையிலிருக்கும் ஸ்பானரை வீசியெறியும் மேஸ்திரிகளும் உண்டு. அதே மேஸ்திரி, பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். ஜாக்கி எப்போது வேண்டுமானாலும் இறங்கும் என்று தெரிந்த நமக்கு, ஷட்டர் மட்டும் சுவரோடு சேர்ந்த ஒன்றாகத் தோன்றிவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, இடது மணிக்கட்டு முறியும்வரை. ஹெல்பராகச் சேர்ந்து நாலாவது மாதம். இரண்டு வாரமாகவே ஷட்டர் கனமாக இருந்தது. நானும் இன்னொரு பையனும் சேர்ந்து தூக்கினால்தான் ஏறும். முதலாளியிடம் சொன்னோம். "ஆயில் விடுங்கடா" என்றார், விட்டோம். ஒருநாள் காலை நெஞ்சு உயரம் வந்திருக்கும்போது மேலே ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் 'டங்'கென்று ஒரு சத்தம், கம்பியால் அண்டாவில் அடித்த மாதிரி. கூட இருந்தவன் கையை விட்டுப் பின்னால் குதித்துவிட்டான். நான் பிடித்துக்கொண்டேன். அடிப்பட்டை என் கையையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. உள்ளே வாசலை ஒட்டி நிறுத்தியிருந்த ஒரு மொபெட்டின் கேரியருக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் மணிக்கட்டு. ஏழு வாரம் மாவுக்கட்டு. இன்றைக்கும் மழைக்காலத்தில் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பும்போது சுளுக்கென்று குத்தும்.

பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். புதிதாக வரும் பையன்களுக்கு ஸ்பானர் சைஸ் சொல்லித்தருவதற்கு முன்னால் ஷட்டரைச் சொல்லித்தருவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாடம்தான் இது.

மேலே என்ன தொங்குகிறது

முதலில் எடை. நம் ஊர்க் கடைகளில் பொதுவாகப் போடுவது 18 கேஜ் அல்லது 20 கேஜ் தகட்டில் செய்த பட்டைகள். 18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மி.மீ. கனம். ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு மி.மீ. கனம் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ. இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 10 அடிக்கு 10 அடி ஷட்டர் 9.3 சதுர மீட்டர். வெறும் தட்டைத் தகடாக எடுத்தாலே 87 கிலோ வருகிறது. பட்டைகளை வளைத்து ஒன்றுக்குள் ஒன்று கோப்பதால் அதைவிடக் கூடுதல் தகடு பிடிக்கும். கீழே அடிப்பட்டை, ஆங்கிள் எல்லாம் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். ஏறக்குறைய ஒரு ஸ்ப்ளெண்டர் வண்டி. லோடு வண்டி நுழையும் அளவுக்கு அகலமான ஷட்டர் என்றால் இன்னும் மேலே.

இவ்வளவு எடையை ஒரு ஆள் ஒரே தள்ளில் ஏற்றுகிறார் என்றால் அது அவருடைய பலம் இல்லை, ஸ்பிரிங்கின் பலம். மேலே பெட்டிக்குள் குறுக்கே ஒரு இரும்பு பைப் ஓடும். அதன் இரண்டு முனைகளும் சுவரில் அடித்த பிராக்கெட் தகடுகளில், 'யு' வடிவக் கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பைப் சுற்றாது. அதன்மேல் கோத்த சக்கரங்கள்தான் சுற்றும், அந்தச் சக்கரங்களில்தான் மேல்பட்டை மாட்டியிருக்கும். சக்கரத்துக்கும் பைப்புக்கும் நடுவே ஸ்பிரிங். ஷட்டரைக் கீழே இறக்க இறக்க ஸ்பிரிங் முறுக்கேறும். முழுக்க மூடியிருக்கும்போது முறுக்கு உச்சத்தில் இருக்கும். காலையில் பூட்டைத் திறந்து தூக்கும்போது அந்த முறுக்குதான் நமக்காகத் தூக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, சாதாரணக் கடை ஷட்டரில் ஒரே ஸ்பிரிங் இருக்காது. அகலத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று, சிலவற்றில் அதற்கும் மேல். ஒன்று உடைந்தால் ஷட்டர் உடனே விழாது. மீதி ஸ்பிரிங்குகள் சுமையைத் தாங்கும், ஷட்டர் மட்டும் கனத்துப்போகும். என் கதையில் அந்த இரண்டு வாரம் நடந்தது அதுதான். நாங்கள் ஆயில் விட்டுக்கொண்டிருந்தபோது மேலே ஒரு ஸ்பிரிங் ஏற்கெனவே உடைந்து கிடந்தது. மிச்சமிருந்த ஸ்பிரிங் இரட்டைச் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

விழுவதிலும் இரண்டு விதம் உண்டு. ஸ்பிரிங் உடைந்தாலோ, கிளாம்ப் தளர்ந்து பைப்பே சுற்றிக்கொண்டாலோ, பட்டைகள் சுருளிலிருந்து அவிழ்ந்து, இரண்டு பக்கமும் அவை ஓடும் இரும்புப் பள்ளமான சேனல் வழியாகவே கீழே பாயும். இன்னொன்று, பிராக்கெட் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுருள் மொத்தமாக விழுவது. இது அபூர்வம்தான், ஆனால் கொடூரம். பத்தடி உயரத்திலிருந்து விழும் சுருள் ஐந்தரை அடி ஆளின் தலையைத் தொட அரை நொடிதான் ஆகும். 'ஏய்' என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்

முதலாளி சொல்லாவிட்டாலும், ஐந்து நிமிஷம் ஒதுக்கி ஷட்டரைச் சுற்றிப் பாருங்கள். மேலே ஏற வேண்டாம், கீழிருந்தே நிறையத் தெரியும்.

இரண்டு பக்கமும் பிராக்கெட் இருக்கும் இடத்தில் சுவரில் வெடிப்பு ஓடுகிறதா, பூச்சு உதிர்ந்திருக்கிறதா? தரையில் தினமும் புதிதாகச் சிமெண்ட் துகள் விழுந்தால் அது மேலே எதுவோ அசைகிறது என்பதற்கு அடையாளம். ஹாலோ பிளாக் சுவரில் வெறும் ஆங்கர் போல்ட் அடித்து பிராக்கெட் மாட்டியிருந்தால், எனக்கு அந்தக் கடையில் நிற்கவே பிடிக்காது. கான்கிரீட் தூணிலோ லிண்டலிலோ பிடித்திருக்க வேண்டும்.

அடுத்து சேனல். ஒர்க்ஷாப் சேனல்களில் நேரானதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர் இடித்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மறுபடி இடித்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். உள்பக்கம் நசுங்கிய சேனலில் பட்டை மாட்டிக்கொள்ளும், வாய் பிளந்த சேனலிலிருந்து பட்டை வெளியே வந்துவிடும். கீழ்ப் பட்டைகளில் துருவையும் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்யும் கடைகளிலும், தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களிலும் அடிப்பட்டை சீக்கிரமே அரித்துப்போகும்.

கடைசியாக, பெட்டியிலோ பிராக்கெட்டிலோ வேறு எதையாவது கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர்ப்பலகை, தார்ப்பாய்க் கயிறு, ஃபேன். ஒரு கடையில் இன்ஜின் இறக்கும் செயின் பிளாக்கையே பிராக்கெட்டில் மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் நல்ல மெக்கானிக்தான்.

காலையில் திறக்கும்போது

அவசரமே கூடாத நேரம் இது, எல்லோரும் அவசரப்படும் நேரமும் இதுதான்.

பூட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கப் பூட்டை மறந்துவிட்டு மறுபக்கத்தைத் தூக்கினால் ஷட்டர் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். பாதித் தகராறுகள் இங்கேதான் ஆரம்பிக்கும்.

நடுவில் நில்லுங்கள், கால்களைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். செருப்புக் கால் விரல்கள் அடிப்பட்டைக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. கையைக் கைப்பிடியில் வையுங்கள். கைப்பிடி உடைந்திருந்தால் புதிதாக ஒன்றைப் போடச் சொல்லி நச்சரியுங்கள், ஏனென்றால் கைப்பிடி இல்லாத ஷட்டரில் எல்லோரும் விரலை நுழைப்பது பட்டைகளின் இடுக்கில்தான். ஷட்டர் ஏறும்போது, சுருளில் சுற்றும் இடத்தில் அந்த இடுக்கு திறந்து மூடும். விரல் நுனி போவது பெரும்பாலும் அங்கே. அடுத்த இடம், அடிப்பட்டைக்கும் தரைக்கும் நடுவில்.

முதலில் ஒரு முழம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். இதைத்தான் நான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்த ஒரு முழத்தில் கை எல்லாவற்றையும் சொல்லிவிடும். நேற்றைவிடக் கனமாக இருக்கிறதா? ஒரு பக்கம் முன்னால் போகிறதா? உரசுகிறதா? சந்தேகம் இருந்தால் அப்படியே மெதுவாக இறக்கிவிட்டு ஆள் கூப்பிடலாம். ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தால் சத்தத்தோடு போய்விடும்.

சரியாக இருந்தால், முகத்தை அடிப்பட்டைக்கு நேராகக் கொண்டுபோகாமல் தொடர்ந்து தள்ளுங்கள். எட்டாத உயரத்துக்குக் கொக்கிக் கம்பி. வாளியைக் கவிழ்த்து, டயர் மேல் ஏறி, எம்பிக் குதித்துத் தள்ளுவதெல்லாம் வேண்டாம். விழுந்தால் ஒதுங்கக் காலுக்கு இடம் வேண்டும், டயர் மேல் நிற்பவருக்கு அது இல்லை.

விழ ஆரம்பித்தால் கையை விடுங்கள், பின்னால் போங்கள். பிடித்து நிறுத்தலாம் என்று மூளை சொல்லும், கேட்காதீர்கள். உள்ளே நிற்கும் வண்டியின் பானெட் நசுங்கட்டும், டிங்கர் வேலை நமக்குத் தெரிந்ததுதானே.

பகல் முழுக்க

முழுக்க ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முழுக்க இறக்குங்கள். வெயிலுக்கும் மழைச் சாரலுக்கும் பாதி இறக்கிவைத்து வேலை செய்வதுதான் நம் ஊர்ப் பழக்கம். அது மூன்று விதத்தில் கெடுதல். அடியில் ஆள் குனிந்து போய்வருவார், கேரியர் வைத்த வேன் உள்ளே வரும்போது அடிப்பட்டையில் இடிக்கும், சுருளிலிருந்து அவிழ்ந்து தொங்கும் நீளம் அதிகம் என்பதால் ஸ்பிரிங்கும் வேலை செய்துகொண்டே இருக்கும். வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டுங்கள், அதுவும் ஷட்டர் பெட்டியில் கட்டாமல்.

ஜாக்கிக்கு ஸ்டாண்டு போடுவது போல ஷட்டருக்கும் ஒன்று செய்யலாம், செலவும் அதிகம் ஆகாது. முழுக்க ஏற்றிய நிலையில் அடிப்பட்டை நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு சேனலிலும் ஷட்டர் மேஸ்திரியை வைத்துத் துளை போட்டு, 12 மி.மீ. கம்பியில் வளைத்த பின் ஒன்று செருகச் சொல்லுங்கள். காலையில் ஏற்றியதும் இரண்டு பின்களையும் மாட்டுவது, இரவில் எடுத்துவிட்டு இறக்குவது. பின் அடிப்பட்டையை ஒட்டியே இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்பிரிங் போனாலும் ஷட்டர் வேகம் எடுக்காமல் அங்கேயே உட்காரும். ஓர் அடி கீழே போட்டால் பின் வளைந்துபோகலாம். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் ஷட்டர் சாயும். பின்னைச் சங்கிலியில் கோத்து சேனலிலேயே தொங்கவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் அது யாருடைய டூல் பாக்ஸிலாவது நெம்புகோலாக இருக்கும்.

மரக்கட்டையை முட்டுக்கொடுப்பதை நான் நம்புவதில்லை. ஒரு வண்டி உரசினால் கட்டை முதலில் விழும், ஷட்டர் அப்புறம்.

ஒன்று நிச்சயம். பிராக்கெட்டே பிடுங்கிக்கொண்டு வந்தால் எந்தப் பின்னும் உதவாது. அதனால் ஷட்டர் கோட்டுக்கு நேர் கீழே பெஞ்ச், ஏர் கம்ப்ரசர், டீ ஸ்டூல் எதுவும் வேண்டாம். அந்தக் கோட்டை ஒட்டிய மூன்றடி நடந்து கடக்கும் இடம் மட்டும்தான். தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டால் கஸ்டமர்கூடத் தள்ளி நிற்பார்.

இரவில் மூடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே ஆள் இல்லை என்று குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், கொக்கியால் தலை உயரம்வரை இழுத்து, பிறகு கைப்பிடியைப் பிடித்து இறக்குங்கள். காலால் மிதித்து மூடாதீர்கள்.

ஷட்டர் பேசும் மொழி

மாதம் ஒருமுறை ஒரு சின்னச் சோதனை. இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, பக்கவாட்டில் நின்று, கையை மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நின்றாலோ ஒரு சாண் நகர்ந்தாலோ சரி. தானாகக் கீழே ஓடினால் முறுக்கு போதவில்லை, அல்லது ஸ்பிரிங் ஒன்று போய்விட்டது. கையை மீறி மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். அதுவும் நல்லதல்ல, மேலே போய் மோதி மோதி கிளாம்பைத் தளர்த்தும்.

திடீரென்று ஒரே நாளில் கனமாகிவிட்டால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தால் அது தூசி, துரு, காய்ந்த கிரீஸ். ஆயில் விடுவது இரண்டாவதற்கு மட்டும்தான் மருந்து. அதிலும் சேனலில் கிரீஸை அப்பாதீர்கள், ஒர்க்ஷாப் தூசியோடு சேர்ந்து களிமண் ஆகிவிடும். துணியால் துடைத்து லேசாக ஆயில் தடவினால் போதும்.

மாட்டிக்கொண்ட ஷட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் கேள்விப்பட்ட விபத்துகளில் நிறைய இதில்தான். இறக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். பட்டையின் ஓரத்தில் இருக்கும் கிளிப் தேய்ந்து, ஒரு பட்டை பக்கவாட்டில் நழுவி சேனலில் முட்டியிருக்கும். நாம் கொக்கியால் இழுக்கிறோம். கீழே வரவில்லை, ஆனால் மேலே சுருள் அவிழ்ந்துகொண்டே இருக்கிறது. அவிழ்ந்த பட்டைகள் பெட்டிக்குள் மடிந்து குவிகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஷட்டர் அசையாமல் நிற்பது போல இருக்கும். அப்போது யாராவது ஒருவர் சுத்தியலோடு வந்து சேனலில் நாலு தட்டுத் தட்டுவார். முட்டிய பட்டை விடுபட்டதும், மேலே குவிந்திருந்த அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும். தட்டுபவர் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தொங்காதீர்கள், தட்டாதீர்கள். ஆட்களை இரண்டு பக்கமும் விலக்கி, குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டு ஷட்டர் மேஸ்திரிக்கு போன் போடுங்கள். கஸ்டமர் வண்டி உள்ளே மாட்டியிருந்தால் மாட்டியிருக்கட்டும்.

பெட்டியை நாமே திறக்கலாமா

கூடாது. மெக்கானிக்குகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இன்ஜினையே பிரித்துச் சேர்ப்பவனுக்கு ஒரு ஸ்பிரிங் பெரிதா என்ற எண்ணம் வரும். சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கைக் கம்ப்ரசர் இல்லாமல் கழற்றுவோமா? இதுவும் அதே சங்கதிதான். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திய நொடியில், பைப் ரெஞ்சைப் பிடித்திருப்பவரையும் சேர்த்துச் சுழற்றிவிடும். ஏணி மேல் நின்றுகொண்டு அதைச் சமாளிக்க முடியாது.

ஷட்டர் மேஸ்திரி வந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தால் மற்றவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், எல்லாம் ஒரே வயது. கிளாம்ப், பிராக்கெட் போல்ட்டுகளை இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது அவருக்கு உதவி செய்கிறேன் என்று கீழே போய் நிற்காதீர்கள்.

மோட்டார் ஷட்டர் வைத்த இடங்களில் ஒன்று கூடுதல். ரிமோட்டை பேன்ட் பையில் போட்டுக்கொண்டு குனியாதீர்கள், சுவரில் மாட்டிவையுங்கள். ஆள் நிற்கிறாரா என்று பார்த்து ஷட்டரை நிறுத்தும் சென்சார் நம் ஊர் ஷட்டர்கள் பலவற்றில் கிடையாது. லிமிட் சுவிட்ச் சரியான இடத்தில் நிறுத்தாமல் போனாலும் அன்றே ஆள் கூப்பிட வேண்டும்.

விழுந்துவிட்டால்

108-ஐ ஒருவர் கூப்பிடட்டும், மற்றவர்கள் ஷட்டரை அசையாமல் செய்யுங்கள். இங்கே நம் தொழில் கைகொடுக்கும். இரண்டு ஓரத்திலும் ஜாக்கி கொடுத்து ஏற்றி, உடனே ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். வெறும் கையால் தூக்கிப் பாதியில் நழுவவிடுவது இரண்டாவது அடி.

அடியில் சிக்கியவரைச் சீக்கிரம் விடுவிப்பது நல்லது. ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தால், மருத்துவ உதவியாளர் வரும்வரை அவசரப்பட்டுச் சுமையை எடுக்க வேண்டாம். நசுங்கிய தசையிலிருந்து வரும் நச்சு ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து இதயத்தைப் பாதிக்கும். தலையிலோ கழுத்திலோ அடி என்றால் உட்காரவைப்பது, தண்ணீர் கொடுப்பது, ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது எதுவும் கூடாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், வேஸ்ட் துணி வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நேராக ஐஸில் போட்டால் விரல் கெட்டுவிடும். விரலை ஒட்டவைக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் இல்லை, 108-இல் கேட்டுப் போங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு இதற்குப் பெயர்பெற்றது.

காகித வேலை

என் மணிக்கட்டுக்கு முதலாளி கட்டுப்போட்ட செலவும் மூவாயிரம் ரூபாயும் கொடுத்தார். பெரிய மனுஷன் என்று நினைத்தேன். எனக்கு வேறு உரிமை இருந்தது என்று தெரியவே பத்து வருடம் ஆயிற்று.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்க வேண்டும். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். சேர்ந்த அன்றே உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத சின்னக் கடை என்றால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. கணக்கு எப்படி என்று ஓர் உதாரணம் பாருங்கள். 25 வயதுப் பையன், சம்பளம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி எண் 216.91. பெருக்கினால் 19,52,190 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் உழைப்புத் திறனில் 14 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அப்படியென்றால் 2,73,306 ரூபாய். "பத்தாயிரம் வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடு தம்பி" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தொழிலாளர் துறை அலுவலகத்தில், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள். மருத்துவமனையில் அடி எப்படிப் பட்டது என்று எழுதும்போது "வேலை செய்யும் இடத்தில் ஷட்டர் விழுந்து" என்றே எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தான்" என்று கூட வந்தவர் சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. உடைந்த ஸ்பிரிங்கையும் ஷட்டரையும் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள். கனமாக இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அது போதும், எனவே இனி வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில், ஓட்டுநர்களோடு சேர்த்து, அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியம் ஒன்று இருக்கிறது. 18 வயது நிரம்பிய பையன்களை அதில் பதிவு செய்துவிடுங்கள், விபத்துக்கு உதவித்தொகை உண்டு. அட்டை வந்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கல்லாவில் வையுங்கள். ஷட்டர் மேஸ்திரியின் நம்பரை மட்டும் கல்லாவில் வைக்க வேண்டாம், சேனலுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு முழம் தூக்கிப் பார்த்துவிட்டு நிற்கும் பையன் கடைக்கு வெளியேதான் நிற்பான், கல்லா உள்ளே பூட்டியிருக்கும்.